பசி மெய், பகை பொய்!

செல்வத்தின் சிகரம் என்று அந்த நாட்டைச் செப்புவர். வான் தடவும் மாளிகைகள், வையகம் அளாவிய வாணிகம், திங்களிலே மனிதனை இறக்கிவிட்ட திறமை, அத்தனையும் அமெரிக்காவுக்கு உண்டு. அதை நாம் மறுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. ஆனால், அந்தச் செல்வபுரியின் பெருமையைப் பேசிவிட்டு, அதன் பெருமூச்சைக் கேளாது போவது அறிவுடைமை ஆகாது. நாட்டின் மொத்தச் செல்வத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, நூற்றில் ஒரு பங்கினரான பெருஞ்செல்வர் கையிலே! அடித்தட்டிலே உள்ள சரிபாதிக் குடும்பங்களின் கையிலேயோ, 3 விழுக்காட்டுக்கும் குறைவு!

மாளிகை உள்ள இடத்திலே மண்குடிசையும் இருக்கும். அது உலகெங்கும் காணும் கொடுமைதான். நாம் வியப்பது அதற்காக அன்று. இல்லாதவர் இருப்பவரைப் பார்த்து, 'எங்கள் பங்கு எங்கே?' என்று கேட்பதற்கு மாறாக, இல்லாதவர் இல்லாதவரையே பார்த்து, 'நீதான் என் சோற்றைப் பறித்தவன்!' என்று சீறுகின்றனரே, அதுதான் விந்தை! வெள்ளைத் தோல் கொண்ட உழைப்பாளி கருப்புத் தோல் கொண்ட உழைப்பாளியை ஐயுறுகிறான். உள்ளூர்ப் பாட்டாளி, எல்லை கடந்து வந்த பாட்டாளியை வெறுக்கிறான். சிற்றூர் நகரைப் பழிக்கிறது. நகர் சிற்றூரை எள்ளுகிறது. 2021 ஜனவரி 6 அன்று, தேர்தலில் தோற்ற குடியரசுத் தலைவரின் ஆதரவாளர்கள், வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்ற மாளிகைக்குள்ளே புகுந்து, சன்னல்களை நொறுக்கி, வாக்குகளை எண்ணி முடிக்கும் பணியையே நிறுத்தி வைத்த காட்சியை உலகம் கண்டது.

ஏன் இந்தப் பிளவு? 'அவர்கள் இயல்பே அப்படி' என்று கூறி நகர்ந்துவிடுவார் உளர். இயல்பு என்றும் விதி என்றும் சொல்லி நின்றுவிடுவது பழைமையின் பழக்கம். காரணம் தேடுவது பகுத்தறிவின் கடமை. வரலாற்றுச் சுவடியைப் புரட்டிடும்போது நாம் காண்பது என்ன? இந்தப் பிளவு தானாக முளைத்த களை அன்று; விதையிட்டு, நீர் பாய்ச்சி, வேலி கட்டி வளர்க்கப்பட்ட பயிர்! விதைத்தவர் யார், அறுவடை செய்தவர் யார் என்று பார்ப்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. ஆனால் தென் மாநிலங்களின் பருத்திக் காட்டிலே வேறொரு தளை காத்திருந்தது. விதைக்கும் உரத்துக்கும் உணவுக்கும் உழவன் கடைக்காரனிடம் கடன்படுவான். விளையப் போகும் பருத்திதான் அடமானம். கடைக்காரன் சொன்னதுதான் வட்டி. 1870-களின் தொடக்கத்தில் இறாத்தல் பத்து சென்ட்டுக்கும் மேல் விற்ற பருத்தி, 1890-களின் நடுவிலே ஐந்தாறு சென்ட்டாகச் சரிந்தது. விலை இறங்க இறங்கக் கடன் ஏறிற்று; கடன் ஏற ஏற நிலம் கைமாறிற்று. கடன் கொடுத்தவனின் கணக்கேட்டிலே கருப்பன் பெயரும் இருந்தது, வெள்ளையன் பெயரும் இருந்தது. அந்த ஏடு தோலின் நிறத்தைப் பார்க்கவில்லை!

ஏடு பார்க்காத நிறத்தை நாம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உழவர் சிலர் உள்ளத்திலே அரும்பிற்று. உழவர் கூட்டணிகள் தோன்றின. 1886-இல் டெக்சாஸ் மாநிலத்திலே கருப்பின உழவர்கள் தமக்கெனத் தனிக் கூட்டணி அமைத்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர் தமக்கு உண்டு என்று அக்கூட்டணி அறிவித்தது. 1892 ஜூலை 4, நாட்டின் விடுதலை நாளன்று, ஒமாகா நகரிலே கூடிய மக்கள் கட்சி தன் கொள்கையை முழங்கிற்று: இருப்புப் பாதைகள் அரசுடைமையாகட்டும்! வருமானம் ஏற ஏற வரியும் ஏறட்டும்! உழவன் கழுத்தைச் சுற்றிய கடன் கயிறு அறுபடட்டும்! அவ்வாண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், அக்கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

ஜார்ஜியா மாநிலத்திலே அக்கட்சியின் குரலாக விளங்கியவர் டாம் வாட்சன் எனும் வழக்கறிஞர். வெள்ளையரும் கருப்பரும் கூடியிருந்த கூட்டங்களிலே நின்று, உங்களைத் தனித்தனியே பிரித்து வைத்திருப்பது, தனித்தனியே கொள்ளையிடுவதற்காகத்தான் என்று எடுத்துரைத்தார். அவருக்காக ஊர் ஊராகச் சென்று பேசிய கருப்பினப் பாதிரியார் டாயில் என்பாருக்குக் கொலை மிரட்டல் வந்தது. என்ன நடந்தது தெரியுமா? வெள்ளை உழவர்கள் துப்பாக்கி ஏந்தித் திரண்டு வந்து, அந்தக் கருப்பருக்குக் காவல் நின்றனர்! கருப்பரைக் கொல்வதற்கே வெள்ளையர் கும்பல் கூடிய காலத்திலே, கருப்பரைக் காப்பதற்கு வெள்ளையர் கூடினர். வயிற்றுக் கவலை ஒன்றானபோது தோல் வேற்றுமை தளர்ந்தது.

மேட்டுக்குடி நடுங்கிற்று. நடுங்கியது கருப்பனைக் கண்டும் அன்று, வெள்ளை ஏழையைக் கண்டும் அன்று. இருவரும் கைகோத்ததைக் கண்டு! வாக்குப் பெட்டியிலே வஞ்சகம் விளையாடிற்று. வாட்சன் 1892-இலும் 1894-இலும் தோற்கடிக்கப்பட்டார். வட கரோலினா மாநிலத்திலோ, 1894-இல் மக்கள் கட்சியாரும் குடியரசுக் கட்சியாரும், அதாவது வெள்ளை உழவரும் கருப்பினத்தாரும், இணைந்து சட்டமன்றத்தையே கைப்பற்றினர். வட்டிக்கு 6 விழுக்காடு என்று வரம்பு கட்டினர். பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கினர். அது பொறுக்குமா ஆதிக்கக்காரருக்கு? 'கருப்பர் ஆட்சி வந்துவிட்டது, வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்து!' என்று ஏடுகள் ஓலமிட்டன. 1898 நவம்பர் 10 அன்று, வில்மிங்டன் நகரிலே ஆயுதம் தாங்கிய வெள்ளையர் படை, அலெக்சாண்டர் மேன்லி நடத்திய கருப்பின நாளேட்டின் அலுவலகத்தைக் கொளுத்திற்று. கருப்பரைச் சுட்டு வீழ்த்திற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைத் துப்பாக்கி முனையிலே விலக்கி, தானே ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தது!

இதன் பின்னர் வந்ததுதான் சட்டம் என்னும் போர்வை. வாக்களிக்க வரி கட்ட வேண்டும், படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று மாநிலந்தோறும் விதிகள் பிறந்தன. லூசியானா மாநிலத்திலே 1896-இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கருப்பர் 1,30,334 பேர். 1904-இல் எஞ்சியோர் 1,342 பேர்! அம்மட்டோ? வாக்கு வரி கட்டக் காசில்லாத வெள்ளை ஏழைகளும் பல்லாயிரக்கணக்கிலே வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கருப்பனுக்கென வெட்டிய குழியிலே, அதைக் கைதட்டி வரவேற்ற வெள்ளை ஏழையும் விழுந்தான். வாக்கையும் இழந்தான், வட்டியையும் தொடர்ந்து கட்டினான்.

டாம் வாட்சன் என்ன ஆனார்? அதுதான் இந்தக் கதையிலே நம் நெஞ்சை வேக வைக்கும் பகுதி. தோல்வியிலே துவண்ட அவர், சில ஆண்டுகளில் கருப்பரின் வாக்குரிமையைப் பறிக்க வேண்டும் என்று வாதிடத் தொடங்கினார்; கருப்பரையும் கத்தோலிக்கரையும் யூதரையும் தூற்றும் ஏடுகளை நடத்தினார். அந்தத் தூற்றலே அவருக்கு 1920-இல் செனட் பதவியைத் தேடித் தந்தது. பசியின் பெயரால் பேசியபோது அவருக்குக் கிடைத்தது தோல்வி. பகையின் பெயரால் பேசியபோது கிடைத்தது பதவி! இந்தப் பாடத்தை அமெரிக்க அரசியல்வாதிகள் பலர் மறக்கவே இல்லை.

வெள்ளை ஏழை ஏன் ஏமாந்தான்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். கருப்பினத்திலே பிறந்து, ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலே முனைவர் பட்டம் பெற்ற அவர், 1935-இல் வெளியிட்ட பெருநூலில் ஒரு பேருண்மையை எடுத்துக் காட்டினார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி குறைவு. ஆனால் அதற்கு ஈடாக இன்னொரு கூலி மனத்தளவிலே வழங்கப்பட்டது. பூங்காவிலே அவனுக்கு இடம் உண்டு, கருப்பனுக்கு இல்லை. காவலர் அவனை மதிப்பர், கருப்பனை மதியார். 'நான் அவனைவிட மேல்' என்னும் அந்த எண்ணமே கூலி! வயிற்றை நிரப்பாத கூலி. எனினும் நெஞ்சை நிமிர்த்திய கூலி. முதலாளிக்கோ ஒரு காசும் செலவில்லாத கூலி!

இதைப் படிக்கும் நம் தோழர்களுக்கு இது எங்கோ கேட்ட குரல் போலத் தோன்றினால் வியப்பில்லை. ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவனை வைத்து, மேலே இருப்பவனைக் கேள்வி கேளாதபடி செய்யும் படிக்கட்டு முறையைத்தானே அண்ணல் அம்பேத்கர் சாதியின் சூட்சுமம் என்று எடுத்துரைத்தார்! நியூயார்க்கிலே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1946-இல் டு பாய்சுக்கு மடல் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையிடம் கருப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். டு பாய்சும் பரிவுடன் விடை எழுதினார். இரு கண்டத்து அறிஞரும் ஒருவர் நோயிலே மற்றவர் நோயைக் கண்டனர்.

நோய் ஒன்றாயினும் ஆள் மாறிக்கொண்டே இருப்பான். ஒகையோ மாநிலத்தின் மகோனிங் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். யங்ஸ்டவுன் நகரை நடுவாகக் கொண்ட எஃகுப் பட்டறை நாடு அது. இத்தாலியிலிருந்தும் சுலோவாக்கியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தோர் அங்கே உலைக்களத்திலே வெந்தனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள்மீது அன்று பாய்ந்தது கூ கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கூட்டம்! 'வந்தேறிகள் நம் வேலையைப் பறிக்கிறார்கள், நம் நாட்டைக் கெடுக்கிறார்கள்' என்பதே அவர்கள் கூப்பாடு. 1924 நவம்பர் 1 அன்று, யங்ஸ்டவுனுக்கு அருகே நைல்ஸ் என்னும் ஊரிலே, கிளான் ஊர்வலத்தாரும் குடியேறிய மக்களும் மோதிக்கொள்ள, படைத்துறைச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது. அதே 1924-இல் இத்தாலியர், யூதர், கிழக்கு ஐரோப்பியர் நுழைவைச் சுருக்கி, ஆசியர் நுழைவை அடியோடு அடைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிற்று. எஃகு முதலாளிகளின் இலாபத்துக்கு வரம்பு கட்டும் சட்டமா வந்தது? இல்லை! ஏழையின் வரவுக்குத்தான் வரம்பு கட்டினர்.

1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. 1933-இல் நால்வரில் ஒரு தொழிலாளிக்கு வேலையில்லை. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் முதியோர்க்கு உதவித்தொகையையும் 1935-இல் சட்டமாக்கினார். பாராட்டுக்குரிய செயல், பாராட்டுகிறோம். ஆனால் அந்தச் சட்டங்களிலே ஓர் ஓட்டை! வயலில் உழைப்போருக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் அவை பொருந்தா என்று எழுதப்பட்டது. தென் மாநிலக் கருப்பரில் பெரும்பாலோர் செய்த வேலை எது? வயல் வேலையும் வீட்டு வேலையும்தான்! ஏழை வெள்ளையரிலும் இதனால் விடுபட்டோர் பலர். போர் முடிந்து திரும்பிய வீரருக்குக் கடன் உதவி வழங்கும் சட்டம் 1944-இல் வந்தது. மிசிசிப்பி மாநிலத்து நகரங்களில் 1947-இல் எடுத்த கணக்கிலே, அரசுப் பொறுப்பில் வழங்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றிலே கருப்பின வீரர் பெற்றவை இரண்டே இரண்டு! ஒரே கொடியின் கீழ்ப் போரிட்டவர். குண்டு நிறம் பார்க்கவில்லை. வங்கி நிறம் பார்த்தது.

ஆயினும் சங்கம் வளர்ந்தது. 1950-களிலே மூவரில் ஒரு தொழிலாளி சங்கத்திலே இருந்தான். பெரும்பணக்காரரின் உச்ச வருமானத்துக்கு 91 விழுக்காடு வரி. வானம் இடிந்து விழவில்லை. வாணிகம் வளர்ந்தது, வீடுகள் எழுந்தன, பாட்டாளியின் பிள்ளை கல்லூரி ஏறினான். அந்த நல்வாழ்விலே தமக்கும் பங்கு வேண்டும் என்றுதான் கருப்பின மக்கள் அறப்போர் தொடுத்தனர்; 1964-இல் குடியுரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் வென்றனர்.

மார்ட்டின் லூதர் கிங் அத்துடன் நிற்கவில்லை. உணவகத்திலே உட்கார உரிமை கிடைத்தது. உண்பதற்குக் காசு எங்கே என்று கேட்டார். கருப்பர், வெள்ளையர், மெக்சிக்க வழியினர், தொல்குடியினர் ஆகிய எல்லா ஏழைகளையும் ஒன்றுதிரட்டி வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டார். மெம்ஃபிஸ் நகரின் துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பை வண்டியிலே நசுங்கி இருவர் மாண்டதன் பின்னர், 'நானும் மனிதன்' என்ற பலகை ஏந்தி வேலை நிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். அங்கேதான், 1968 ஏப்ரல் 4 அன்று, குண்டு அவரை வீழ்த்திற்று. அதே ஆண்டுத் தேர்தலில், இனப்பிரிவினைக்குக் கொடி பிடித்த ஜார்ஜ் வாலஸ் ஐந்து மாநிலங்களை வென்றார். ஏழைகளை ஒன்றாக்க முனைந்தவருக்குக் கல்லறை. இரண்டாக்க முனைந்தவருக்கு ஐந்து மாநிலம்!

மீண்டும் மகோனிங் பள்ளத்தாக்குக்கு வருவோம். கிளான் கூட்டத்தாரால் வெறுக்கப்பட்டோரின் மக்களும் பேரரும் இப்போது எஃகு ஆலையிலே நிலைபெற்றுவிட்டனர். கருப்பினத் தொழிலாளரோ மிகக் கடுமையான, மிக வெப்பமான வேலைகளிலே முடக்கப்பட்டிருந்தனர். 1974-இல் எஃகு நிறுவனங்கள் ஒன்பது, நீதிமன்ற உடன்படிக்கை ஒன்றின் வாயிலாக, நல்ல வேலைகளின் கதவைக் கருப்பருக்கும் திறக்க ஒப்புக்கொண்டன. மூன்றே ஆண்டு! 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் எஃகு நிறுவனம் தன் கேம்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போயிற்று. 'கருப்புத் திங்கள்' என்று அவ்வூரார் இன்றும் அந்நாளை அழைக்கின்றனர்.

மூடியது யார்? கருப்பனா? மெக்சிக்கோக்காரனா? 1969-இலேயே அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது, நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த கப்பல் கம்பெனி ஒன்று. பழைய உலைகளைப் புதுப்பிக்கப் பணம் போடவில்லை; பணத்தைக் கறந்தது; கறவை வற்றியதும் கதவைச் சாத்தியது. தொழிலாளரும் திருச்சபையினரும் கூடி, ஆலையை ஊராரே வாங்கி நடத்துவோம் என்று முன்வந்தனர், சேமிப்பைத் திரட்டினர். அரசின் கடன் பொறுப்புறுதியைக் கேட்டனர். கார்ட்டர் ஆட்சி 1979-இல் மறுத்துவிட்டது. 1930-இல் 1,70,000 மக்கள் வாழ்ந்த யங்ஸ்டவுனில், 2020 கணக்கெடுப்பின்படி எஞ்சியிருந்தோர் 60,000 பேர். கோவில் இருக்கிறது, கூட்டமில்லை. வீடு இருக்கிறது, விளக்கில்லை.

இது ஓர் ஊரின் கதையன்று. 1979-இல் நாடெங்கும் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ 1 கோடியே 95 இலட்சம். 2010-இலே 1 கோடியே 15 இலட்சம். இயந்திரம் பறித்த வேலையும் உண்டு; கூலி குறைந்த நாட்டுக்குக் கப்பலேறிய வேலையும் உண்டு. 1981-இல் வேலை நிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பதினோராயிரம் பேருக்கு மேல் ரீகன் ஆட்சி வீட்டுக்கு அனுப்பிற்று, சங்கங்கள் ஒடுங்கின. பணக்காரரின் உச்ச வரி 1988-இல் 28 விழுக்காடாக இறங்கிற்று. இதெல்லாம் ஒரு கட்சியின் திருப்பணி என்றால், மற்றக் கட்சி மட்டும் மாசற்றதா? மெக்சிக்கோவுடனும் கனடாவுடனும் தடையில்லா வாணிக உடன்பாட்டைச் சட்டமாக்கிக் கையொப்பமிட்டதும், வங்கிகளைக் கட்டிவைத்திருந்த பழைய வேலியை 1999-இல் பிடுங்கி எறிந்ததும், ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் ஆட்சியே! 2008-இல் வங்கிகள் தம் பேராசையால் குப்புற விழுந்தபோது, 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்துக்கு இரு கட்சியினரும் கை தூக்கினர். வங்கி பிழைத்தது, கடன் கட்ட முடியாத இலட்சக்கணக்கானோர் வீடு இழந்து வீதிக்கு வந்தனர்.

எனவே, அமெரிக்கப் பாட்டாளியின் குறை கற்பனை அன்று. பசி மெய்! பசி வந்துவிடுமோ என்ற அச்சமும் மெய்! அந்த மெய்யான குறையைக் கேட்க ஆளில்லாத இடத்திலேதான் பொய்யான பகையைக் காட்டுவோன் வந்து நின்றான். 2016-இல் டொனால்டு டிரம்ப், ஆலைகள் மூடியதையும் வாணிக உடன்பாட்டையும் வாய்விட்டுப் பேசினார். கூடவே, எல்லை தாண்டி வருவோனைக் குற்றவாளி என்று சுட்டினார். எதிர்த்து நின்ற இலாரி கிளிண்டனோ, அவருடைய ஆதரவாளரில் பாதிப் பேரை இழிவாகக் குறிப்பிட்டுப் பேசி, மறுநாள் வருத்தம் தெரிவித்தார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய ஆலை மாநிலங்கள் மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டிலே ஆட்சி மாறிற்று. 2017-இல் யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலைகளெல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர் என்றார் டிரம்ப். 2019-இல், அப்பள்ளத்தாக்கின் லார்ட்ஸ்டவுனில் 1966 முதல் இயங்கிய மோட்டார் ஆலையும் மூடப்பட்டது. ஆயினும் 2020-இல் மகோனிங் மாவட்டம், 1972-க்குப் பின்னர் முதன்முறையாக, குடியரசுக் கட்சி வேட்பாளருக்குப் பெரும்பான்மை தந்தது!

'பொருளாதாரக் கவலைதான் எல்லாவற்றுக்கும் காரணம்' என்று கூறிவிடலாமா? கூறிவிட்டால் நாமும் பாதி உண்மையோடு நின்றவராவோம். கருப்பினத் தொழிலாளி வேலை இழக்கவில்லையா? பல பத்தாண்டுகளாக வெள்ளையரைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேலையின்மையைச் சுமந்தவன் அவன்! அவன் ஏன் அந்தப் பாசறைக்குச் செல்லவில்லை? 2016-இல் பத்தில் ஒன்பது கருப்பர் எதிர்த்தல்லவா வாக்களித்தனர்! நாடாளுமன்றத்தைத் தாக்கியதற்காகக் கைதானவர்களிலே, கடை முதலாளிகளும் அலுவலகப் பணியாளரும் பலர் இருந்தனரே! ஆகவே, பசி தானாகப் பகையாக மாறுவதில்லை. 'உனக்கு மேலே உள்ள இடம் உன்னுடையது. அதைக் கீழே இருப்பவன் பறிக்கப் பார்க்கிறான்' என்ற பழைய உபதேசம் காதிலே ஓதப்பட்டிருந்தால்தான் மாறும். டு பாய்ஸ் சொன்ன அந்த மனக்கூலி குறைகிறதே என்ற கலக்கமும் இதிலே கலந்திருக்கிறது. வெள்ளை ஏழை ஏமாற்றப்பட்டவன்; ஆனால் அந்த ஏமாற்றிலே சிறு சுகம் கண்டவனும்கூட. இதைச் சொல்லாது விடுவது இரக்கமாகலாம், உண்மையாகாது.

2024 செப்டம்பரில் அதே ஒகையோவிலே, ஸ்பிரிங்ஃபீல்டு நகரைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பிற்று. அங்கே ஆலைகளில் வேலைக்கு வந்து குடியேறிய ஐத்தி நாட்டுக் கருப்பர்கள், ஊராரின் வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்களாம்! தேர்தல் விவாத மேடையிலேயே டிரம்ப் அதை எடுத்துரைத்தார். நகர அதிகாரிகள் சான்றில்லை என்றனர். அவர் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் டிவைனே மறுத்தார். ஆயினும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1924-இல் இத்தாலியன், 2024-இல் ஐத்திக்காரன். நூறாண்டில் மாறியது ஆள், மாறாதது கதை! அந்த நவம்பரில் விலைவாசியின் சுமையும் சேர்ந்துகொள்ள, டிரம்ப் மீண்டும் வென்றார்.

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. 2018 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்திலே, தொழிற்சங்கங்களை முடக்கும் சட்டம் ஒன்று மக்கள் வாக்குக்கு வந்தது. டிரம்பைப் பெருவாரியாக ஆதரித்த அம்மாநிலத்திலே, மூவரில் இருவர் அச்சட்டத்தைத் தூக்கி எறிந்தனர். 2020-இல் ஃபுளோரிடா மாநிலம் டிரம்புக்கு வாக்களித்தது. அதே நாளில், அதே சாவடியில், குறைந்த அளவுக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திருத்தத்துக்கு ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் ஒப்பம் தந்தனர். நாடளாவிய குறைந்த அளவுக் கூலியோ 2009-இல் 7 டாலர் 25 சென்ட் ஆனது. அதன் பின்னர், ஃபுளோரிடா மக்கள் வாக்களித்த அந்நாள் வரையில், நாடாளுமன்றம் அதை ஒரு சென்ட்டும் உயர்த்தவில்லை! 2023-இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கம், மூன்று பெருநிறுவனங்களிலும் ஒரே வேளையில் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. வெள்ளையரும் கருப்பரும் ஒரே மறியல் வரிசையிலே நின்றனர். நான்கரை ஆண்டுகளில் 25 விழுக்காடு ஊதிய உயர்வை வென்றனர்.

என்ன தெரிகிறது? வேட்பாளர் யார் என்று கேட்டால் இரண்டாகப் பிளவுபடும் மக்கள், கூலி எவ்வளவு என்று கேட்டால் ஒன்றாகிறார்கள்! சோற்றைப் பற்றிய கேள்வி சேர்க்கிறது. தோலைப் பற்றிய கேள்வி பிரிக்கிறது. ஆகையால்தான் ஆதிக்கக்காரர் முதற் கேள்வியை மறைத்து, இரண்டாம் கேள்வியையே ஓயாது எழுப்புகின்றனர். வெள்ளையன் மனத்திலே ஊறிய அந்த 'மேல்' எனும் எண்ணத்தைக் களையாமல் சோற்றுக் கூட்டணி நிலைக்காது. வாட்சன் கதை அதற்குச் சான்று. சோற்றுக்கு வழி காட்டாமல் நல்லுரை மட்டும் கூறினால் அதுவும் செவியில் ஏறாது. யங்ஸ்டவுன் அதற்குச் சான்று. இரண்டும் ஒருசேர நடந்தாக வேண்டும்.

இளைஞர்களே! எண்ணிப் பாருங்கள். ஆலையை மூடியவன் பெயர் அறிவிப்புப் பலகையிலே இருந்தது. வட்டியை விதித்தவன் பெயர் கணக்கேட்டிலே இருந்தது. வரியைக் குறைத்தவன் கையொப்பம் சட்டத்திலே இருந்தது. எல்லாம் எழுத்திலே இருந்தும், ஏழையின் விரல் ஏழையையே சுட்டிற்று. காரணம், அவன் கண்ணை இழந்ததன்று, கேள்வியை இழந்தது! எவனாவது வந்து, 'அதோ பார், அவன்தான் உன் பகைவன்' என்று நம்மைப் போன்ற ஓர் ஏழையைச் சுட்டிக்காட்டினால், காட்டப்படும் ஏழையை அல்ல, காட்டும் விரலைப் பார்ப்போம். அந்த விரலிலே எத்தனை மோதிரம் என்று எண்ணுவோம். அந்தப் பகையால் யாருடைய பெட்டி நிறைகிறது என்று கேட்போம். கேள்வி பிறக்கும் இடத்திலே பகை சாகும். பகை சாகும் இடத்திலேதான் பசிக்கு விடை பிறக்கும்!